ஷெட்டுக்குள்ள எலி மருந்து

...எடுத்த சாமான எடுத்த எடத்துல வைக்கணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க சார்! வாங்க, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, கீழ பூரா மரச்சுருள், பாத்து வாங்க, வழுக்கும். நேத்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது நீங்கதானே? கையில டம்ளர் வேற... என்னது, காப்பிப்பொடியா? அதுக்கென்ன சார், தாராளமா தரேன். ஒரு நிமிஷம். இப்ப இந்தக் கிண்ணத்த விட்டு என்னால கைய எடுக்க முடியாது. ஏன் சார் என் தலையையே பாக்கறீங்க? மரத்தூள் ஒட்டியிருக்கும், விடுங்க.

எங்க விட்டேன்... ஆங், சாமான். இதுதான் சார் லேத். கட்டைய இதுல மாட்டிச் சுத்தவிட்டு உளிய வச்சா கிண்ணம் வரும், கோப்பை வரும், பம்பரம் வரும். இத வாங்கிட்டா வேற ஒண்ணுமே வேணாம்னான் கடைக்காரன். சுத்தப் புளுகு! வேற என்னென்ன வேணும் தெரியுமா? எல்லாம் வீட்டுல இருக்கற சாமான்தான். பழைய பல் பிரஷ் வேணும், திருகு மரைக்குள்ள அடைச்ச தூள எடுக்க. மெழுகுவத்தி வேணும், உளி சாயற கம்பியில தடவினா உளி வழுக்கிட்டுப் போகும். சமையல்கட்டுல கை துடைக்கற பேப்பர் சுருள் வேணும். ஏன், துணி ஆகாதான்னு கேப்பீங்க. கேக்கலயா? சரி, நானே சொல்றேன். சுத்தற மரத்துக்கு மெருகு போடறப்ப துணி மாட்டிக்கிச்சுன்னா விரலையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். பேப்பர்னா கிழிஞ்சுடும், விரல் தப்பிச்சுடும். விரலுக்காக ஒரு பேப்பர் சுருள் எடுத்தா அது திருட்டா சார்?

திருட்டுங்கறா என் வீட்டுக்காரி! நான் இங்க கொண்டாந்து வைக்கறேன், அவ வந்து எடுத்துட்டுப் போயிடறா. அப்ப யார் சார் திருடி? ஹேர் டிரையர், மெருகு காய வைக்க, போச்சு. குளியலறைத் திரை, மரச்சுருள் தெறிக்காம இருக்கறதுக்கு, அதுவும் போச்சு. அதுக்குப் பதிலா வேற திரை மாட்டுன்னா, "நான் குளிக்கறதா வேணாமா"ங்கறா. இப்படி எடக்குமுடக்காப் பேசினா என்ன பண்றது? அதோ அந்தச் சுவத்துல ஒரு வாத்து தெரியுதா? ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற காந்தம். கிண்ணத்த மெஷின்லேந்து கழட்டற சாவி எப்பப் பாத்தாலும் சுருளுக்குள்ள தொலையும். இப்ப வாத்து புடிச்சு வச்சிருக்கு. நல்ல வாத்து.

சார், சார், போயிடாதீங்க. ஒரு சின்ன ஒத்தாசை. இந்தக் கிண்ணத்துல அந்தப் பக்கம் விளிம்ப ஒரு கையால அழுத்திப் புடிங்களேன். விரிசல் விட்டுடுச்சு. பொடி ஒண்ணத் திணிச்சு, மேல ஃபெவி... வேணாம், கம்பெனி பேர் எதுக்கு, உடனே ஒட்டற பசைய ஊத்தியிருக்கேன். பொடியும் பசையும் சேந்தா கல்லு மாதிரி இறுகி, விரிசல் இருந்த எடமே தெரியாது. பழுப்பா அழகா ஒரு கோடு மட்டும் நிக்கும். என்ன பொடியா? அத அப்புறம் சொல்றேன். ஆங், அப்படித்தான். நல்லா அழுத்துங்க.

அவசரம் சார், ஆறு மணிக்குள்ள முடிக்கணும். ஆறு மணிக்கு சோதனை! "என் சாமான் ஒண்ணே ஒண்ணு உங்க ஷெட்டுல இருந்தாலும் சரி, இந்த மெஷின் போயிடும்"னு போன வாரமே சொல்லிட்டா. அவங்கண்ணன், என் மச்சான், மேசை நாற்காலி ஏத்தற வேன் வச்சிருக்கார். அவரையும் வரச் சொல்லியிருக்கா. தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தூக்கிடுவார். எனக்கு வேற என்ன சார் இருக்கு? ஆபீஸ்ல நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல. வீட்டுலயும் அதே கதை. இந்தக் கட்டை ஒண்ணுதான் நான் சொன்னபடி திரும்புது. இது போயிடுச்சுன்னா... சத்தியமா அழுதுடுவேன்.

ஆனா நானும் லேசுப்பட்டவன் இல்ல. எல்லாத்தையும் டப்பா மாத்தி லேபிள் ஒட்டிட்டேன். மெழுகுவத்தி இருக்கற டப்பா மேல "துருப்பிடிச்ச ஆணி". சோடா உப்பு மேல "சுண்ணாம்பு". அவளோட நெயில் பாலிஷ் அழிக்கற மருந்து ஒரு பாட்டில்... பசை கையில பட்டா அது ஒண்ணுதான் சார் கரைக்கும், ரொம்ப முக்கியம்... அத வேற பாட்டில்ல ஊத்தி, செவப்பு மையில "எலி மருந்து, தொடாதே!"ன்னு எழுதிட்டேன். யார் தொடுவாங்க? ஒருத்தரும் தொட மாட்டாங்க. மூளை சார், மூளை!

தொட்டுட்டா. நேத்து. "வீட்டோட ஒட்டி இருக்கற ஷெட்டுல விஷத்த வைப்பாங்களா"ன்னு பாட்டிலோட சாக்கடையில கவுத்துட்டா. நான் பக்கத்துலயே நிக்கறேன்! வாயத் தெறந்தா மாட்டிப்பேன். "நல்ல காரியம் பண்ணினே"ன்னு சொன்னேன். பாராட்டினேன் சார், பாராட்டினேன்!

அதான் விஷயம். இப்ப பசையக் கரைக்க ஒரு சொட்டு இல்ல. எதுக்குச் சொல்றேன்னா... என் ரெண்டு உள்ளங்கையும் நீங்க வந்தப்பலேந்தே இந்தக் கிண்ணத்தோட ஒட்டிட்டிருக்கு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான், கௌரவம் விடல. நீங்க பதட்டப்படாதீங்க, உங்க கைய மெதுவா... என்ன? வரலயா? இழுக்காதீங்க, தோல் உரிஞ்சுடும்! டம்ளரக் கீழ போட்டுடாதீங்க. ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார், அந்தப் பக்கமும் ஊத்தினேனா? ஊத்தியிருக்கேன் போல.

சத்தம் கேக்குதா? வேன். வந்துட்டாங்க! சார், சிரிச்ச முகமா இருங்க. ரெண்டு பேரும் சேந்து வேலை பாக்கற மாதிரி நில்லுங்க.

வாம்மா! வாங்க மச்சான்! இவர் பக்கத்து வீட்டுக்குப் புதுசு. மரவேலைன்னா இவருக்கு உசுரு, விடவே மாட்டேங்கறார். பாரு, நல்லாப் பாத்துக்கோ, உன் சாமான் ஒண்ணு இருக்கா? ஆணி, சுண்ணாம்பு, வாத்து... அந்த வாத்து எப்படி இங்க வந்துச்சுன்னே தெரியல. அத விட்டா வேற... என்ன? என் தலையா? என் தலையில என்ன...

ஐயையோ.

குளிக்கறப்ப நீ போட்டுக்கற தொப்பி. பூப்போட்டது. மரத்தூள் முடியில படாம இருக்க... காலையில மாட்டினேன், மறந்தே போயிட்டேன். சார், இவ்வளவு நேரம் பாத்துட்டே இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் பேசவே விடலயா? அதுவும் சரிதான்.

இருங்க மச்சான், தூக்காதீங்க. மெஷினத் தூக்கினா நாங்க ரெண்டு பேரும் கூடவே வரணும். கிண்ணம் மெஷின்ல மாட்டியிருக்கு, நாங்க கிண்ணத்துல மாட்டியிருக்கோம். ஆமாம்மா, பசை. கரைக்கற மருந்தா? உன்னோடதுதான், நான்தான் எடுத்தேன். இப்ப எங்கயா? ...நேத்து நீ சாக்கடையில ஊத்தினியே, எலி மருந்து. அது எலி மருந்தே இல்லம்மா.

திட்டு. நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு கேளு. இந்தக் கிண்ணம் உனக்குத்தான். வீட்டுலேந்து ஒண்ணொண்ணாத் தூக்கிட்டு வந்தேனே, ஷெட்டுலேந்து ஒண்ணாவது வீட்டுக்குப் போகட்டும்னு உக்காந்து கடைஞ்சேன். விரிசல் விட்டுடுச்சு, என்ன பண்றது. மெஷினக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோ. கிண்ணத்த மட்டும் வச்சுக்கோ.

என்ன சிரிக்கற? மச்சானும் சிரிக்கறார்! நெசமாவா? மெஷின் இருக்கட்டுமா? கைப்பையில புதுப் பாட்டில் வேற வச்சிருக்கியா? தெய்வமே! கேட்டீங்களா சார், பொழைச்சோம்! கை வந்துடும், மெஷினும் தப்பிச்சுது. சீக்கிரம் ஊத்தும்மா, சாரோட கைக்கு மொதல்ல.

ஊத்தியாச்சா, கொஞ்சம் ஊறட்டும். இல்ல, அதெல்லாம் வேணாம், இப்ப எதுக்கு? மச்சான் வேன் ஓட்டிட்டு வந்த களைப்புல இருக்கார்தான், பக்கத்து வீட்டுக்காரர் மொத மொத வந்திருக்கார்தான்... அதுக்காக காப்பி போடணும்னு என்ன? வெறும் தண்ணி குடு போதும். ஏய், நில்லு! சமையல்கட்டுக்குப் போகாதே! போயிட்டாளே...

சார், டப்பாவத் தெறக்கற சத்தம் கேக்குது. உங்களுக்கும் காப்பிப்பொடி தரேன்னு சொன்னேன் இல்ல? மன்னிச்சுக்கோங்க. வீட்டுல இருந்த அத்தனை பொடியும் இப்ப நீங்க அழுத்திட்டிருக்கற அந்த விரிசலுக்குள்ளதான் இருக்கு.