விற்க வந்தவன் விலை சொல்லவில்லை

டெல்மர்: இரு, இரு. இன்னொரு தடவை சொல்லு. விக்கணுமா, அடகு வைக்கணுமா?

ஹார்லன்: விக்கணும். ஆனா நீ அதை யாருக்கும் விக்கக் கூடாது.

டெல்மர்: ஹார்லன்... இது துப்பாக்கிக் கடை. நான் வாங்குறதே விக்கிறதுக்குத்தான்.

ஹார்லன்: தெரியும். இதை மட்டும் விக்காத.

டோரீன்: காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்துட்டியாப்பா?

ஹார்லன்: டோரீனா... நீ எங்கேர்ந்து வந்த?

டோரீன்: உனக்கு முன்னாடியே வந்துட்டேன். பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கிட்டு, பஸ்ஸை வெளிய நிறுத்திட்டு, அந்த மூலையில தோட்டா பாத்துட்டிருக்கேன். அவ்வளவு பெரிய மஞ்சள் பஸ் உன் கண்ணுல படலையா?

ஹார்லன்: கவனிக்கல.

டோரீன்: அது போகட்டும். அந்த உறைக்குள்ள இருக்கிறது அதுவா? ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஸ்மித் ரிவால்வர்?

ஹார்லன்: ம்.

டோரீன்: ஆறு அங்குலக் குழல், வால்நட் கைப்பிடி... அதையா விக்க வந்த? பதினோரு வருஷமா உன்கிட்டக் கேட்டுட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே உன் பண்ணைக்கு வந்திருப்பேனே.

ஹார்லன்: உனக்கு இல்ல.

டோரீன்: ஏன், என் காசு செல்லாதா?

ஹார்லன்: நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டியில வெச்சு சுட்டுத் தள்ளுவ. அது தாங்காது.

டோரீன்: சுடுறதுக்குத்தானேப்பா அதைச் செஞ்சான்.

டெல்மர்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஹார்லன், முதல்ல அதை மேசையில வை. குழல் அந்தப் பக்கம்... ஆங். உள்ள குண்டு இருக்கா?

ஹார்லன்: இல்ல.

டெல்மர்: நானே பாத்துக்கறேன். ம்... உருளையோட ஆறு ஓட்டையிலயும் வெளிச்சம் தெரியுது. இதுக்காகவே எனக்கு இந்த வகை பிடிக்கும். காலியா இல்லையான்னு அதுவே காட்டிடும். ஒளிக்கத் தெரியாது.

டோரீன்: மூடு மூடு, அந்தச் சத்தத்தைக் கேக்கணும்... ஆஹா. பேங்க் பெட்டகம் மூடுற மாதிரி.

டெல்மர்: இந்தக் குழல்ல இருக்கிற நீலத்தைப் பாரு. இப்ப எவனுக்கும் இப்படி மெருகு போடப் பொறுமை இல்ல. போன வாரம் போஸ்மன்லேர்ந்து ஒரு பல் டாக்டர் வந்தான். சின்ன வயசு. வீட்டுல எட்டு துப்பாக்கி இருக்காம், எல்லாம் புதுசு, பதினேழு குண்டு பிடிக்கிறது. சும்மா பாக்கறேன்னு பழைய ரிவால்வர் ஒண்ணை எடுத்தான். அரை மணி நேரம் கீழ வைக்கல. அப்படி என்னப்பா இருக்கு அதுலன்னு கேட்டேன்.

டோரீன்: என்ன சொன்னான்?

டெல்மர்: தெரியலேன்னான்.

டோரீன்: நம்ம மூணு பேருக்கு மட்டும் தெரியுமாக்கும்.

ஹார்லன்: நீ வாங்கிக்கிறியா இல்லையா டெல்மர்?

டெல்மர்: அவசரப்படாத. எனக்கு ஒண்ணும் புரியல. இதை ஏன் விக்கிற?

ஹார்லன்: கை நடுங்குது. வயசாச்சில்ல.

டோரீன்: யாரு கை? போன மாசம் ஐம்பது கஜத்துல ஆறுக்கு அஞ்சு இரும்புத் தட்டைச் சுட்டுத் தட்டின. நான் பக்கத்துல நின்னு நாலுதான் தட்டினேன். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

ஹார்லன்: அது... வீட்டுல மார்ஜ் கூரை மாத்தணும்கறா.

டெல்மர்: செப்டம்பர்ல நூத்தி நாப்பது மாட்டையும் வித்தியே. கன்னோட. அதுல வராத கூரையா இந்த ஒரு ரிவால்வர்ல வரப்போகுது?

ஹார்லன்: மாட்டுப் பேச்சு எதுக்கு இப்ப?

டெல்மர்: சரி, பேசல.

ஹார்லன்: புதுசா ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். பிளாஸ்டிக் பிடி வெச்சது. லேசா இருக்குமாமே.

டெல்மர்: நீ? அதுக்கெல்லாம் இஸ்திரிப் பெட்டின்னு பேர் வெச்சவனே நீதானே. இந்த ஊர்ல இன்னைக்கும் எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க, 'டெல்மர், ஒரு இஸ்திரிப் பெட்டி குடு'ன்னு.

டோரீன்: கை நடுக்கம், கூரை, இஸ்திரிப் பெட்டி. ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே ஹார்லன்.

ஹார்லன்: உங்களுக்கு எதுக்கு காரணம்? ஒருத்தன் ஒரு பொருளை விக்கணும்னா கடைக்காரன்கிட்ட கதை சொல்லணுமா?

டெல்மர்: வேணாம். சொல்ல வேணாம். எவ்வளவு எதிர்பாக்கற?

ஹார்லன்: ...நீயே பாத்துக் குடு.

டெல்மர்: விலையும் சொல்ல மாட்ட.

ஹார்லன்: டெல்மர், ஒண்ணு கேக்கறேன். பனி உருகுற வரைக்கும் வெச்சிருக்க முடியுமா?

டெல்மர்: எதை?

ஹார்லன்: இதைத்தான். ஏப்ரல், மே வரைக்கும். அப்புறம் நான் வந்து... இல்ல, வரலேன்னா நீயே வெச்சுக்க.

டோரீன்: எனக்குத் தலை சுத்துது. இவன் விக்கிறானா, வாடகைக்கு விடறானா?

டெல்மர்: டோரீன், கொஞ்சம் சும்மா இரு. ஹார்லன்... உன் ரைபிள் ரெண்டும் எங்க?

ஹார்லன்: மான் சீசன் முடிஞ்சதும் மச்சினன்கிட்டக் குடுத்துட்டேன்.

டெல்மர்: எதுக்கு?

ஹார்லன்: இடத்தை அடைச்சிட்டிருந்துச்சு.

டோரீன்: அந்த வீட்டுலயா? அதுக்குள்ள என் பஸ்ஸையே நிறுத்தலாமே.

டெல்மர்: ஷாட்கன்?

ஹார்லன்: அதுவும் போச்சு.

டெல்மர்: எல்லாத்தையும் குடுத்துட்டு இதை மட்டும் வெச்சுக்கிட்ட.

ஹார்லன்: இதைக் குடுக்க மனசு வரல. அதெல்லாம் வேலைக்கு வாங்கினது. ஓநாய்க்கு, மானுக்கு. இது... மார்ஜ் முதல் பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்த வருஷம் நானா ஆசைப்பட்டு வாங்கினது. ஒரு வேலைக்கும் உதவாது. சும்மா எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம்.

டெல்மர்: எப்ப எடுத்துப் பாப்ப?

ஹார்லன்: என்ன கேள்வி இது?

டெல்மர்: தெரியாமத்தான் கேக்கறேன்.

ஹார்லன்: காலையில. மார்ஜ் ஆறு மணிக்கு ஸ்கூல் சமையலுக்குப் போயிடுவா. முப்பத்தெட்டு வருஷம் அந்த நேரத்துக்கு நான் தீவன வண்டியில இருப்பேன். பனியில முட்டிக்கால் வரைக்கும் இறங்கி, மாடுங்களைத் திட்டிக்கிட்டு... இப்ப இறங்கினா ஒண்ணும் இல்ல. வேலி மட்டும் இருக்கு. அதான் உள்ளயே உக்காந்து இதைத் துடைப்பேன்.

டோரீன்: தினமுமா?

ஹார்லன்: தினமும். எண்ணெய் போடுவேன், துடைப்பேன், உருளையைச் சுத்திச் சுத்தி அந்தச் சத்தத்தைக் கேப்பேன். வேற சத்தமே இல்லையே வீட்டுல.

டெல்மர்: ம்.

ஹார்லன்: நேத்தும் துடைக்கத்தான் எடுத்தேன். திறந்தா... இப்ப நீ பாத்தியே, ஆறு ஓட்டையிலயும் வெளிச்சம்னு. நேத்து அஞ்சுலதான் தெரிஞ்சுது.

டோரீன்: அப்படின்னா...

ஹார்லன்: ஒண்ணுல குண்டு இருந்துச்சு.

டெல்மர்: மார்ஜ் போட்டிருப்பாளோ?

ஹார்லன்: அவ துப்பாக்கிப் பெட்டிப் பக்கமே வர மாட்டா. நான்தான் போட்டிருக்கணும். எப்ப போட்டேன்... எதுக்குப் போட்டேன்... யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. முந்தாநாளா? அதுக்கு முன்னாடியா? எத்தனை நாளா அதோட துடைச்சிட்டிருந்தேன்? அதான் எனக்குப் புரியல டெல்மர். எனக்கே புரியாதபோது உனக்கு எப்படிக் காரணம் சொல்றது?

டெல்மர்: டோரீன், அந்தக் கதவுல போர்டைத் திருப்பிடு. கடை மூடிருக்குன்னு இருக்கட்டும்.

டோரீன்: திருப்பிட்டேன்.

ஹார்லன்: பைத்தியம்னு நினைக்காதீங்க.

டோரீன்: யாரும் நினைக்கல. உக்காரு. அந்த முக்காலி ஆடும், இதுல உக்காரு. அந்தக் குண்டு இப்ப எங்க?

ஹார்லன்: சட்டைப் பையில. வண்டி ஓட்டிட்டு வரும்போது தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன், அங்கதான் இருக்கான்னு.

டோரீன்: குடு இங்க. மார்ஜுக்குத் தெரியுமா?

ஹார்லன்: வேணாம். அவ பயந்துடுவா.

டோரீன்: பயப்படட்டும். கட்டினவ பயப்படாம வேற யாரு பயப்படுவா? மத்தியானம் வரைக்கும் எனக்கு பஸ் வேலை இல்ல. நானே உன்னை ஸ்கூல் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட நீ சொல்லு. சொல்ல வரலேன்னா நான் சொல்றேன். அப்புறம் மூணு பேருமா டாக்டரைப் பாக்கப் போறோம்.

ஹார்லன்: டாக்டர் என்ன பண்ணுவாரு? மாட்டைத் திருப்பித் தருவாரா?

டோரீன்: தர மாட்டாரு. ஆனா கேப்பாரு. நீ செப்டம்பர்லேர்ந்து யார்கிட்ட பேசின?

டெல்மர்: போயிட்டு வா ஹார்லன். உன் வண்டி இங்கயே நிக்கட்டும்.

ஹார்லன்: சரி. அப்ப இதை உள்ள வெச்சுப் பூட்டு.

டெல்மர்: இல்ல. டோரீன் எடுத்துட்டுப் போகட்டும்.

ஹார்லன்: என்னது?

டோரீன்: சுட மாட்டேன். போட்டிக்கும் எடுத்துட்டுப் போக மாட்டேன். மாசம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துணியில சுத்தி வைப்பேன்.

ஹார்லன்: இவ்வளவு நேரம் விலைக்குக் கேட்டுட்டிருந்தா. இப்ப சும்மாவே தூக்கிட்டுப் போறேங்கறா. டெல்மர், உன் பின்னாடி ஆளுயரத்துக்கு இரும்பு அலமாரி இருக்கு. அதுல வைக்கிறதுக்கு என்ன?

டெல்மர்: சாவி என்கிட்ட இருக்கே.

ஹார்லன்: அதனாலதான் சொல்றேன். உன்னை நம்பித்தானே வந்தேன்.

டெல்மர்: அடுத்த வாரமே ஒரு நாள் காலையில நீ வந்து நிப்ப. 'சும்மா ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்'ம்ப. முகத்தைப் பாத்ததும் நான் எடுத்துக் குடுத்துடுவேன். என்னால உனக்கு இல்லேன்னு சொல்ல முடியாது. அவளால முடியும்.

ஹார்லன்: அவளால முடியும்னு உனக்கு எப்படித் தெரியும்?

டெல்மர்: கடையில இருக்கிறது எல்லாம் சரக்கு ஹார்லன், என்னோடதுன்னு ஒண்ணே ஒண்ணுதான்... எங்கப்பாவோட பழைய கோல்ட் ரிவால்வர். போன குளிர்காலத்துல அதை நானே அவ கையில குடுத்தேன்... அப்புறம் மூணு தடவை போய்த் திருப்பிக் கேட்டேன், மூணு தடவையும் காபி போட்டுக் குடுத்து வெறுங்கையோட அனுப்பிட்டா.