மூன்றாம் இடத்திலிருந்து அறுபத்தொன்றாம் இடத்துக்கு

நேரம் தாண்டினால் அடிப்பதற்கென்றே மேசைமேல் மணியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாண்பமை தலைவர் அவர்களே! பேச வேண்டிய தாளை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருக்கும் மேடைப் பெருமக்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்த ஆசிரியர்களே! திருத்தாத விடைத்தாள்களைப் பையில் சுமந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! மடியிலுள்ள பிள்ளையையும் சமாளித்து, என் பேச்சுக்கும் தலையாட்டும் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

இன்று நாம் ஒரு தீர்மானத்துக்காகக் கை தூக்கப் போகிறோம். பாடம் மாறிய ஆசிரியரின் பழைய பணிக்காலத்தையும் பதவி உயர்வுக்குச் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே அது. சங்கம் நிறைவேற்றினால் விதியை மாற்றுகிறோம் என்று நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது. இனி எல்லாம் நம் கையில்தான்.

நான் வரலாற்று ஆசிரியையாக வந்தவள். பதினாறு ஆண்டுகள் பேரரசுகளை எழுப்பினேன், பேரரசுகளை வீழ்த்தினேன், எல்லாம் நாற்பது நிமிடத்துக்குள்! சிரிக்காதீர்கள், மணி அடித்தால் எந்தப் பேரரசும் விழத்தானே வேண்டும்? பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு மூன்றாம் இடம். அப்போது கணக்கு ஆசிரியர் பாதி ஆண்டில் வேலையை விட்டுப் போனார். பத்தாம் வகுப்பு பரிதவித்து நின்றது. கல்லூரியில் கணக்கும் படித்தவள் நான். போனேன். அடுத்த மாதம் புதுப் பட்டியல் வந்தது. கணக்கு ஆசிரியர்களில் அறுபத்தொன்றாம் இடம்! அந்தப் பதினாறு ஆண்டுகள் எங்கே போயின? பள்ளிக்குத்தானே வந்தேன்? பிள்ளைகளுக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்?

என் வீட்டுக்காரரும் வரலாற்று ஆசிரியர். அதோ, இரண்டாம் வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அன்று பட்டியலைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன தலையெழுத்து? உன்னை யாரு போகச் சொன்னா?" என்று கத்தினார்.

"யாரும் சொல்லலைங்க. அந்தப் பிள்ளைங்க மூஞ்சியைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை" என்றேன்.

அவர் இருந்த பாடத்திலேயே இருந்தார், தலைமையாசிரியர் ஆனார். நான் இன்றும் ஆசிரியை. வருத்தம் இல்லையா என்கிறீர்களா? வயிறு எரிந்தது. புருஷன் என்றாலும் எரிந்தது!

முதல் தேர்வில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். மூன்று பக்கம் எழுதி விடையைத் தப்பாக்கிய பெண்ணுக்குப் பத்துக்கு ஏழு போட்டேன். நாலே வரியில் சரியாகப் போட்டு முடித்தவனுக்கு இரண்டு! வரலாறு திருத்திய கை, சும்மா இருக்குமா? பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பழக்க தோஷத்தில் ஒரு வரி விடாமல் படித்தேன் பாருங்கள், அப்போது ஒன்று தெரிந்தது. நாற்பது பேரில் முப்பது பேர் ஒரே படியில்தான் சறுக்கியிருந்தார்கள். அந்த ஒரு படியை ஒரு வாரம் விடாமல் நடத்தினேன். ஆண்டு முடிவில் வகுப்பு முழுதும் தேறியது. சொல்லுங்கள், என் பதினாறு ஆண்டுகள் வீணா? வரலாறு பழக்கிய கண்தானே கணக்கின் கோளாறைக் கண்டுபிடித்தது?

இன்று காலையில் என் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்போ ஒரே பாடத்துல முப்பது வருஷம் நின்னவங்க எல்லாம் ஏமாளிங்களா? நேத்து வந்தவங்க எங்களைத் தாண்டிப் போகணுமா?"

நியாயமான கேள்விதான். முன்வரிசையிலும் சில தலைகள் ஆடுகின்றன, பார்க்கிறேன். ஐயா, உங்கள் ஆண்டுகளில் ஒரு நாளைக்கூட நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஆண்டுகளை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறோம். எனக்காகவும் கேட்கவில்லை. இன்னும் எட்டு மாதத்தில் நான் ஓய்வு பெறுகிறேன்.

நான்காம் வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருக்கிறாரே தையல் டீச்சர், அவருக்காகக் கேட்கிறேன். பதினான்கு ஆண்டுப் பணி. தையல் வகுப்பையே எடுத்துவிட்டார்கள். அஞ்சல்வழியில் அறிவியல் பட்டம் வாங்கியிருக்கிறார். அறிவியலுக்கு வா, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பதினான்கும் பூச்சியம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, முப்பத்தெட்டு வயசுல மறுபடியும் முதல்லேருந்தா?" என்று நேற்று கேட்டார்.

பாடம் மாறலாம், பணி மாறுமா? புத்தகம் மாறலாம், பொறுப்பு மாறுமா? வகுப்பறை மாறலாம், வாழ்ந்த ஆண்டுகள் மாயமாகுமா? மணி அடித்துவிட்டார் தலைவர், இதோ முடிக்கிறேன். அவர் அனுமதியோடு கேட்கிறேன், ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!

அடேயப்பா! பின்வரிசை முழுவதும்! நடுவரிசையும்! மூத்தவர்களே, நீங்களுமா? இரண்டாம் வரிசையில்... ஏங்க, ஒரு கை போதுங்க, இரண்டையும் தூக்கினால் கள்ள ஓட்டு என்பார்கள்!

தலைவர் எண்ணிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. கை தூக்கியவர்களுக்கும், தூக்காவிட்டாலும் காது கொடுத்தவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

தங்கச்சி, அழாதேம்மா, எழுந்து நில். திங்கட்கிழமை பிள்ளைகள் சொல்லப்போவதை இன்றே நான் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள அறிவியல் டீச்சர் அவர்களே, வணக்கம்!