பாயிண்ட் மூணுக்குக் கீழ

இல்ல மேடம், கண்ணாடி கொண்டு வந்திருக்கேன், படிச்சுட்டேன். கம்பெனி ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சேன். சைக்கிள்காரர் திடீர்னு குறுக்க வந்துட்டார், ஓட்டுநர் நிதானமா பிரேக் போட்டிருக்கார், கருவியில சிவப்பு எதுவும் பதிவாகல, அதனால ஓட்டுநர் மேல தப்பில்ல. அவ்வளவுதானே? கீழ நான் கையெழுத்துப் போடணும். போடலாம். கொஞ்சம் உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

பத்து நாளா தூக்கமே இல்ல, பேச்சு முன்ன பின்ன போகும், கோச்சுக்காதீங்க.

இந்த கிராஃப் ஓரத்துல ஜி, ஜின்னு போட்டிருக்கே, அது என்னன்னு தெரியுமா? ம்... பரவாயில்ல, பதினாறு வருஷமா ஸ்டாஃப் பஸ் ஓட்டுறேன், எனக்கே போன வருஷம்தான் தெரிஞ்சுது. பிரேக்கை அளக்குற இந்தக் கருவியை வண்டியில மாட்டின அன்னிக்கு மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார், பாயிண்ட் மூணு ஜி தாண்டினா ஒரு சிவப்பு. மாசத்துக்கு மூணு சிவப்பு வாங்கினா ஸ்டியரிங் கிடையாது, வண்டி கழுவுற ஷெட்டுக்குப் போயிடணும். ஜின்னா என்ன சார்னு கேட்டேன். அதெல்லாம் உனக்கெதுக்கு, மெதுவா ஓட்டுன்னார். அவருக்கும் தெரியாது, பாவம்.

மெதுவா ஓட்டுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். எண்பதுல ஒரே சீராப் போனா கருவி சும்மா தூங்கும். வேகம் மாறும்போதுதான் முழிச்சுக்கும். எவ்வளவு சட்டுனு மாறுதுங்கறதுதான் கணக்கு.

இதைச் சொல்லிக் கொடுத்தது என் மச்சினன். சம்சாரத்தோட தம்பி, லிஃப்ட் மெக்கானிக். எடை பாக்குற மெஷினைத் தூக்கிட்டுப் போய் லிஃப்டுக்குள்ள வச்சு, ஏறி நில்லுங்க மாமான்னான். நின்னா எழுபது கிலோ. சும்மா நிக்கிறோமே, அதுவே ஒரு ஜியாம். பூமி இழுக்கிற இழுப்பு. அப்புறம் மேல போற பட்டனை அழுத்தினான். கிளம்புற அந்த ஒரு நொடி முள்ளு எழுபத்தேழுக்குப் போச்சு. அப்புறம் பழையபடி எழுபது. என்னடா, நான் ஒண்ணும் தின்னலையேன்னேன். அந்தக் கூடுதல் ஏழு இருக்கே, பத்துல ஒரு பங்கு, அதான் மாமா பாயிண்ட் ஒண்ணு ஜின்னான். கயிறு அறுந்து விழுந்தா முள்ளு பூஜ்யம் காட்டுமாம். அதைக் காட்டாதடா சாமின்னு வெளிய வந்துட்டேன்.

பிரேக் போட்டாலும் அதே கணக்குதான், என்ன, இது முன்பக்கமாத் தள்ளும். பாயிண்ட் மூணுன்னா, என்னை இருபத்தொரு கிலோ மூட்டை முதுகுல தள்ளுற மாதிரி. புரியுதில்ல? புரிஞ்சப்புறம் எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. எவ்வளவு மிதிச்சா பாயிண்ட் ரெண்டரை, எவ்வளவு மிதிச்சா கோட்டைத் தொடும், எல்லாம் காலுக்குப் பழகிடுச்சு. என் வண்டியில வர்ற பொண்ணுங்க ஓட ஓடக் கண்ணுக்கு மை போடுவாங்க மேடம், ஒரு தடவை கூட ஈஷினதில்ல. வீட்ல சம்சாரம் கிண்டல் பண்ணுவா, ஏங்க, நாற்காலியில உக்காரும்போது கூட சிவப்பு விழுந்துடும்னு பயமான்னு.

ஆனாலும் இந்த மாசம் ரெண்டு விழுந்துடுச்சு. ஒண்ணு நாய்க்காக. இன்னொண்ணு, பெயின்ட் அடிக்காத வேகத்தடை. மேனேஜர் இதே மாதிரி கிராஃபை மேஜையில விரிச்சு, நாய்க்காடா இவ்வளவு மிதிச்சேன்னார். தலையைக் குனிஞ்சுட்டு வந்தேன். இந்த வயசுல கையில குழாயைப் புடிச்சுட்டு ஷெட்டுல நின்னா, கூட ஓட்டுனவங்க முகத்தை எப்படிப் பாக்கறதுன்னு, அதே நினைப்பு. அது நாலாந்தேதி. சைக்கிள்காரர் ஆறாந்தேதி.

இருங்க, முடிச்சுடறேன். அந்த இடம் எங்க இருக்கு இதுல? இங்க பாருங்க, சின்னதா ஒரு மேடு. இதான் அவர் மேல பட்ட நேரம். பாயிண்ட் ஒண்ணு கூட இல்ல. லிஃப்ட் கிளம்புற அளவுதான். மை போட்டுட்டிருந்த பொண்ணு கூட நிமிர்ந்து பாக்கல. வண்டி பதினோரு டன். அவரும் சைக்கிளும் சேந்து எழுபது கிலோ இருந்தா ஜாஸ்தி. அடி ரெண்டு பேருக்கும் ஒரே அடிதான், ஆனா எடை குறைஞ்சவங்களை அது தூக்கி எறிஞ்சுடும். அவருக்கு எத்தனை ஜி விழுந்திருக்கும்னு மச்சினன்கிட்ட கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். நானே போட்டுப் பாத்தேன். பத்து, பன்னெண்டு ஜி வருது மேடம். அவர்கிட்ட கருவி இல்லையே, எங்க போய்ப் பதிவாகும்?

ஆஸ்பத்திரியில அவர் சம்சாரத்தைப் பாத்தேன். நம்ம கம்பெனி ஆளுங்க முன்னாடியே போய்ச் சொல்லிட்டாங்க போல, அவர்தான் குறுக்க வந்தாருன்னு. அந்தம்மா அழக்கூட இல்ல. என்கிட்ட வந்து, இருபது வருஷமா கை காட்டாமத் திரும்ப மாட்டாரே தம்பி, அன்னிக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணினார்னு கேட்டாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. படியிறங்கி வெளிய வந்துட்டேன்.

கை காட்டினார் மேடம். நான் பாத்தேன். நல்லாத் தெரிஞ்சுது.

பேனாவை நீட்டாதீங்க, இன்னும் ஒண்ணு பாருங்க. மேட்டுக்கு முன்னாடி இந்தக் கோடு ரெண்டு நொடிக்கு நேராப் போகுதே, படிச்சுச் சொல்லுங்க. ஆமா, பாயிண்ட் ரெண்டு ரெண்டு. நிதானமா பிரேக் போட்டிருக்கார்னு எழுதியிருக்கீங்களே, அதான் இது. முழுசா மிதிச்சிருந்தா பாயிண்ட் ஆறு வந்திருக்கும், வண்டி அவருக்கு நாலு மீட்டர் முன்னாடியே நின்னிருக்கும். மூணாவது சிவப்பு விழுந்துடுமேன்னு காலைப் பாதியிலயே புடிச்சுட்டேன். அதையும் எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்.