எர்த் குழிக்கு ஊற்றாத குடம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மின்விசிறிதான், சார். அதன் கீழேதான் என் பெஞ்சாதி பிச்சையம்மாள் வாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுத்துக் கிடக்கிறாள். தொண்ணூற்றெட்டு சித்திரையில் அந்த விசிறி, றெக்கையை எண்ணிவிடலாம் போல மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

பந்தல்குடி ரோட்டைப் பார்த்த முன்பக்கக் கடையை உதயகுமாருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். நாலு கம்ப்யூட்டர் போட்டு கார் ரேஸ் விளையாட்டு நடத்தினான். கார் திக்கித் திக்கி ஓடுகிறது என்று பெட்டியைக் கழற்றினான். கடுகளவு மூடி ஒன்றைப் பிடுங்கி வேறு முள்ளில் மாட்டி, கம்ப்யூட்டர் மூளைக்கு வேகத்தையும் கரண்டையும் கூட்டினான். கார் பறந்தது. அந்த வாரம்தான் என் விசிறி படுத்தது.

என் விசிறிக்கு வர்ற கரண்டை நீதானே இழுக்கிறாய் என்று போய்க் கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி. ஒங்க ஃபேன்ல கண்டென்சர் போயிருச்சு. மாத்துங்க, மதினி குளுகுளுன்னு படுத்திருப்பாக."

"எங்கிட்டயே கதை விடுறியா?"

சிரித்தான். படிக்காதவனை ஏய்க்கிற சிரிப்பு எனக்குத் தெரியும்.

அவனிடம் ஒரு பழைய ஸ்டெபிலைசர் இருந்தது. இரும்புப் பெட்டி. "இதுல கரண்டு கசியுது அண்ணாச்சி. புதுசு வாங்குற வரைக்கும், கசியுறது மண்ணுக்குள்ள எறங்க பின்னாடி எர்த் குழி ஈரமா இருக்கணும். காஞ்சா ஆளப் புடிச்சிரும். தெனம் ஒரு கொடம் ஊத்துங்க" என்று என்னிடம்தான் ஒப்படைத்திருந்தான். கரிசல் மண், சார். நாலு நாள் விட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும்.

பதினோரு நாள் ஊற்றவில்லை.

"விரல்ல விறுவிறுங்குதே, தண்ணி ஊத்துறீகளா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஊத்தாம என்ன?" என்றேன். தரை காய்ந்து கிடந்ததால் அதுவரை தப்பினான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தக் குடத்தை எடுத்துப் போய் அவன் கடைத் தரையில் ஊற்றித் துடைத்தேன். தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று அவனே சொல்வான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதும் அவன் போட்ட சட்டம்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பாசம் பொங்குது?" என்றபடி வெறுங்காலோடு உள்ளே போனான். ஸ்டெபிலைசரில் கை வைத்தான்.

மெயின் சுவிட்சுக்கு நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. முந்தின நாளே நடந்து பார்த்திருந்தேன். அன்றைக்கு நடக்கவில்லை.

கடை பூட்டி ஒரு மாசமாகிறது. கம்ப்யூட்டர் ஒன்றுகூட ஓடவில்லை. விசிறி இன்னும் அப்படியேதான் சுற்றுகிறது. கண்டென்சரை மாற்றச் சொல்லி பிச்சையம்மாள் நச்சரிக்கிறாள். நான் மாற்றவில்லை.

பொய் சொன்னவன் பேச்சைக் கேட்டு எதற்கு மாற்ற வேண்டும், சார்?