பதினேழாவது கேட்

கதவச் சாத்துங்க மாப்ள, தூசி வருது. படகுல பூசுன பிசின் இன்னும் காயல. இதுல ஒரு மண்ணு ஒட்டுச்சுன்னா மறுபடியும் தேய்ச்சு முதல்லேர்ந்து பூசணும். உக்காருங்கன்னு சொல்ல வழியில்ல, இந்த ஷெட்டுல இருக்கறதே ஒரு நாற்காலி, அதுல நான் இருக்கேன். அந்த ஸ்டாண்டுல சாஞ்சு நின்னுக்குங்க. ஈர ஜாக்கெட்ட மட்டும் என் படகு மேல போடாதீங்க.

என்ன காயிதம் அது? ஓ, புகார் மனுவா. கோச் எழுதிக் குடுத்தாரா? என் கையெல்லாம் பிசினா இருக்கு, நீங்களே படிங்க, கேக்கறேன்.

ம். செமி முடிஞ்சு ஃபைனல் ஆரம்பிக்கறதுக்குள்ள தண்ணி மாறிடுச்சு. ஃபைனல்ல முதல்ல இறங்குன போட்டியாளருக்கு, அதாவது உங்களுக்கு, அதத் தெரிஞ்சுக்க வாய்ப்பே இல்ல. அதனால அவர மறுபடி ஒரு தடவ ஓட விடணும். சரி. அடியில என்ன கோடு? சாட்சி கையெழுத்தா. அது நானா. எவ்வளவு நேரத்துக்குள்ள குடுக்கணும்? பன்னெண்டு நிமிஷம் இருக்கா, அப்ப நிதானமாவே பேசலாம். ஒரு ஓட்டமே உங்களுக்கு தொண்ணூறு செகண்டுதான். பன்னெண்டு நிமிஷத்துல ஏழெட்டு தடவ இறங்கிடுவீங்க.

கத்தாதீங்க. பக்கத்து ஷெட்டுல ஜெயிச்சவன் பதக்கத்தோட படம் எடுத்துக்கிட்டு இருக்கான். அவன் சந்தோஷத்த எதுக்குக் கெடுப்பானேன்.

தண்ணி மாறுச்சான்னா, மாறுச்சு. நான் இல்லேங்கல. இந்தப் படகு வாய்க்கால்ல தண்ணி பாய ஆறு பம்பு ஓடணும். காலைல நாலாவது பம்போட சல்லடையில இலையும் குப்பையும் அடைச்சு, செமி முழுக்க அது மூச்சு முட்டித்தான் ஓடுச்சு. மத்தியானம் பம்ப் ஆபரேட்டர் அதக் கழட்டிக் கழுவிப் போட்டாரு. தண்ணி நாலு வெரல் ஏறிடுச்சு. எனக்கு எப்படித் தெரியுமா? அவரோட உக்காந்துதான் தெனமும் டீ குடிக்கறேன். நீங்க பத்து வருஷமா அவரத் தாண்டித்தான் போறீங்க வர்றீங்க, ஒரு நாள் தலையாட்டிருக்கீங்களா? உங்களுக்கு அவரு பேரு தெரியாதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியும்.

நாலு வெரல் மத்த எடத்துல ஒண்ணும் பண்ணாது. கம்பு தொங்கற அந்தப் பதினேழாவது கேட்டுலதான் வேலையக் காட்டுச்சு. காலைல அங்க இருக்கற கல்லுக்குப் பின்னாடி தண்ணி கொளம் மாதிரி நின்னுச்சு, படகு மூக்க அதுல வெச்சா போதும், அதுவே பிடிச்சுத் திருப்பி விட்டுச்சு. மத்தியானம் அந்த நிக்கற தண்ணியே இல்ல. கல்ல ஒட்டிப் போனவன இழுத்துக்கிட்டுப் போகுது. உங்களையும் இழுத்துக்கிட்டுப் போச்சு.

தங்கச்சி கேலரியில என் பக்கத்துலதான் வந்து நின்னா. நான் இறங்கி முடிச்சு, உங்ககிட்ட பேசிட்டு, ஓடி வந்து நின்னேன். ஏண்ணே அம்பதுன்னு பலகையத் தூக்கறாங்க, அவரு கம்புல படவே இல்லியேன்னு கேக்கறா. எட்டு வருஷமா உங்க கூடக் குடித்தனம் பண்றா, இன்னும் அதுகூடச் சொல்லிக் குடுக்கலையா நீங்க? கம்புல பட்டா ரெண்டு செகண்டுதான்மா, தொங்கற ரெண்டு கம்புக்கும் நடுவுல தலை போகலைன்னா அந்தக் கேட்டுக்குள்ள போகவே இல்லைன்னு அர்த்தம், அதுக்கு அம்பதுன்னேன். தொண்ணூறு செகண்டு ஓட்டத்துல அம்பதச் சேத்தா என்ன மிச்சம்? அவ பையோட வாரப் பிடிச்சுத் திருகிக்கிட்டே நின்னா. அதப் பாத்தப்ப மட்டும் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. உங்களுக்காக இல்ல.

பதினாறு வரைக்கும் நீங்க நல்லாத்தான் போனீங்க, அத மறைக்க மாட்டேன். செமியில பத்தாவதா வந்து கடைசி எடத்துல தொத்திக்கிட்டு ஃபைனலுக்குள்ள வந்த ஆளு, அதனாலயே மொதல்ல இறங்குன ஆளு, பதினாறாவது கேட்டுல ஜெயிச்சவனவிட அரை செகண்டு முன்னாடி. உங்களுக்கு முப்பத்தஞ்சு. இனிமே இப்படி ஒரு நாள் வராது. அதனாலதான என்னத் தேடிக்கிட்டு இந்த ஷெட்டுக்கே வந்துருக்கீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டு வாசலுக்குக்கூட நீங்க இப்படி வேகமா வந்ததில்ல.

கையெழுத்து போட மாட்டேன்னு நான் சொன்னேனா? போடறேன். ஆனா நான் எழுதித்தான் போடுவேன். கோச் எழுதுனதுல ஒரு வரி தப்பா இருக்கே. தெரிஞ்சுக்க வாய்ப்பே இல்லைன்னு எழுதிருக்காரு. வாய்ப்பு இல்லியா மாப்ள? நான் யாரு அப்ப?

இல்ல, சொல்லுங்க. ஃபைனலுக்கு முன்னாடி மொதல்ல இறங்குனது யாரு? முன்னோட்டக்காரன். நெஞ்சுல நம்பர் கெடையாது, ஒரு எழுத்து ஒட்டிருப்பாங்க. நேரம் குறிப்பாங்க, ஆனா பலகையில போட மாட்டாங்க. நடுவருங்க கை பழகணும், கடிகாரம் ஓடுதான்னு பாக்கணும், கேமராக்காரன் எங்க திரும்பணும்னு தெரியணும், அதுக்கு ஒரு ஆளு தண்ணியில இறங்கணும். எட்டு வருஷமா அது நான்தான். உங்க ஊட்டுக் கல்யாணப் பந்தியில உப்பு சரியா இருக்கான்னு ருசி பாக்கறவன் மாதிரி. ருசி பாத்தவன யாரும் எலையில உக்கார வெக்க மாட்டாங்க.

அப்படி இறங்குனவன், கீழ முடிச்சு, கன்வேயர் பெல்ட்டுல படகோட மேல ஏறி வந்து, உங்க படகு பக்கத்துல வந்து நின்னு என்ன சொன்னேன்? நீங்களே சொல்லுங்க, உங்க வாயால கேக்கணும்.

சரி, நானே சொல்றேன். பதினேழுல தண்ணி நிக்கல மாப்ள, ஒட்டிப் போகாதீங்க, ஒரு படகு நீளம் கீழ போய் வெளியேர்ந்து சுத்தி ஏறி வாங்க, அரை செகண்டு போகும், ஆனா கேட்டு போகாது. இதத்தான சொன்னேன்? இதுல எந்த வார்த்தை பொய்யி? நீங்க சுத்திப் போயிருந்தா அரை செகண்டு போயிருக்கும். போனாலும் தங்கமோ வெள்ளியோ, ஏதோ ஒண்ணு இப்ப கழுத்துல தொங்கிக்கிட்டு இருக்கும்.

என்னது, சிரிச்சேனா? சிரிச்சுக்கிட்டே சொன்னா தண்ணி மாறிடுமா? படகு மூக்குல கை வெச்சேனா. ஆமா வெச்சேன். தங்கச்சி புருஷன் ஃபைனல் ஓடப்போறாரு, ஆசையா கை வெச்சேன்னு வெச்சுக்குங்களேன்.

நீங்க என்னப் பாத்த பார்வைய நான் மறக்க மாட்டேன். சரின்னு சொன்னீங்க, வாய் ஒரு பக்கமா போச்சு. எனக்குத் தெரியும்டா உன் வேலைங்கற மாதிரி. அப்புறம் நேராப் போயி கல்ல ஒட்டித் திருப்புனீங்க. நான் சொன்னதுக்கு அச்சு அசல் மாறா.

ஏன் நம்பலன்னு நான் கேக்க மாட்டேன், எனக்கே தெரியும். நீங்க எதுக்கு கீழ பாக்கறீங்க? இந்த ஷெட்டுல நம்ம ரெண்டு பேருதான இருக்கோம். பேசிடுவோம்.

எட்டு வருஷம் முன்னாடி ஆத்துல நடந்த தேர்வுப் போட்டி. டீமுல இருந்தது ஒரே ஒரு எடம், நீங்களும் நானும்தான் மிச்சம். அப்பல்லாம் வாடா போடாதான். ஒரே கூடாரம், ஒரே பசை டப்பா, உங்க துடுப்பு ஒடைஞ்சப்ப என் துடுப்ப வெச்சுத்தான் ஒரு மாசம் ஓட்டுனீங்க. நீங்க முன்னாடி இறங்கி முடிச்சுட்டு, படகத் தோள்ல தூக்கிக்கிட்டு கரையோட மேல ஏறி வந்தீங்க. நீங்க இறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மேல அணையில மதகத் தூக்கிட்டாங்க. நான் தண்ணியில ஒக்காந்துருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. கல்லுக்குப் பின்னாடி தண்ணி நிக்குதாடான்னு கேட்டேன். குனிஞ்சு என் படகு மூக்குல கை வெச்சீங்க. சிரிச்சீங்க. நல்லா நிக்குது, ஒட்டியே போ, என்ன நம்புன்னீங்க.

நம்புனேன். அம்பது வாங்குனேன். நீங்க டீமுக்குப் போனீங்க.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு உங்க ஓட்டத்த வீடியோவுல பாத்தேன். நீங்க ஒட்டிப் போகல. சுத்திப் போயிருந்தீங்க. தண்ணி நிக்கலைன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுருக்கு. அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி எத்தன தடவ பாத்தேன்னு கணக்கில்ல. அந்த வாரம்தான் தங்கச்சி வந்து, அண்ணே எனக்கு அவரத்தான் பிடிச்சுருக்குன்னா. நான் என்ன சொல்ல? உன் ஆளு என்ன ஏமாத்திட்டான்னு சொன்னா, தோத்தவன் வயித்தெரிச்சல்னு ஊரு சொல்லும். அவளும் அப்படித்தான் நெனச்சிருப்பா. வாய மூடிக்கிட்டு பந்தக்கால் பக்கத்துல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னேன். அன்னிக்கே வாடா போய் வாங்கன்னு ஆச்சு. மாப்ளன்னு ஆச்சு. இதுவரைக்கும் அவகிட்ட சொல்லல. இனிமேயும் நான் சொல்லப் போறதில்ல.

எனக்கு உங்களப் பிடிக்கல மாப்ள. எட்டு வருஷமா பிடிக்கல. சாப்பாட்டு மேசையில எதிர உக்காந்து நீங்க சிரிக்கும்போதெல்லாம் தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போகணும்னு இருக்கும். அத இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சொல்றேன். சொன்னா பாரம் கொறையும்பாங்க, ஒண்ணும் கொறையல.

எவ்வளவு நேரம் ஆச்சு? அஞ்சு நிமிஷம் இருக்கா. போதும். அந்தப் பேனாவக் குடுங்க, காயிதத்தத் திருப்பி வைங்க. பிடிச்சுக்குங்க, நழுவுது.

பம்ப் சல்லடையக் கழுவுனாங்க. தண்ணி நாலு வெரல் ஏறுச்சு. பதினேழாவது கேட்டுல நிக்கற தண்ணி போயிடுச்சு. இது மூணும் உண்மை, ஆபரேட்டரையும் கேட்டுக்கலாம். நாலாவதா, மேற்படி போட்டியாளர் இறங்கறதுக்கு முன்னாடியே நான் அவருகிட்ட இதச் சொன்னேன், சுத்திப் போகவும் சொன்னேன். ஓட்டத்த ஆரம்பிச்சு விடற ஸ்டார்ட்டர் பக்கத்துல இருந்தாரு. ஸ்டார்ட் பலகைக்குக் கீழ டிவிக்காரங்களோட மைக்கு இருக்கு, அதுல பதிவாயிருக்கும். என்ன, மைக்கு இருந்தது தெரியாதா? நான் தெனமும் அங்கேர்ந்து இறங்கறவன், எனக்குத் தெரியாம இருக்குமா?

இதக் குடுத்தா மறு ஓட்டம் குடுக்க மாட்டாங்களா? அத நடுவர் குழுதான் சொல்லணும். தெரிஞ்சே போனவனுக்கு ஏன் குடுக்கணும்னு கேப்பாங்கன்னு நெனக்கறேன். அப்ப, நம்பல, அதனாலதான்னு சொல்லுங்க. ஏன் நம்பலன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லுங்க. பக்கத்துல உங்க பொண்டாட்டி நிப்பா, அவளும் கேட்டுக்கட்டும்.

கிழிச்சுப் போட்டாலும் போடுங்க. உங்க இஷ்டம்.

இந்தாங்க. ஓரத்துல கொஞ்சம் பிசின் ஒட்டிருக்கு, ஒண்ணும் தப்பில்ல, படிக்க முடியும். ஒரு வார்த்தை பொய் எழுதல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதாம விட்டேன். அந்தக் கன்வேயர் மேல ஏறி வர ஒரு நிமிஷம் ஆகும். ஒக்காந்துக்கிட்டே வர வேண்டியதுதான், துடுப்பு போடற வேலைகூட இல்ல. மொதல்ல பொய் சொல்லலாம்னுதான் நெனச்சேன். நல்லா நிக்குது, ஒட்டியே போங்கன்னு. அப்புறம் தோணுச்சு, இவனுக்கு எதுக்குப் பொய்? நான் எப்பத் திருப்பிக் குடுப்பேன்னு எட்டு வருஷமா பயந்துக்கிட்டு இருக்கறவன். அதனால உண்மையையே சொன்னேன். நீ வெச்ச மாதிரியே மூக்குல கை வெச்சேன். நீ சிரிச்ச மாதிரியே சிரிச்சேன். கடைசியா, என்ன நம்புங்க மாப்ளன்னேன், ஞாபகம் இருக்கா? கைய எடுக்கும்போதே எனக்குத் தெரியும்டா, நீ ஒட்டித்தான் போவ.

போறப்ப கதவச் சாத்திட்டுப் போ. இன்னும் காயல.