ஜான்சி – அளிக்கவும்

மேடைக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், நீங்கள் இந்த மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தபோது என் காதில் பட்ட ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "மளை விளுந்த வாசலிலே" என்று பாடியது குரல். வரி முடிந்ததும் எதிரொலி திரும்பி வந்தது. அது "மழை விழுந்த வாசலிலே" என்றது.

குரல் சொன்னது ள. எதிரொலி சொன்னது ழ. ஒரு கிணற்றுக்குள் குனிந்து "அம்மா" என்று கத்தினால், கிணறு "அப்பா" என்று திருப்பிச் சொல்லுமா?

இப்போது வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் மேடை இசைக் கலைஞர்கள் சங்கத்தின் தலைவர் வைத்திலிங்கம் ஐயா அவர்களுக்கும், ஸ்டூடியோ உரிமையாளர் இளவரசு அண்ணன் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் தலைவரின் மகள், பாடகி காயத்ரி அக்கா அவர்களுக்கும், கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கும் பாட்டுக்காரர்கள், தாளக்காரர்கள், கீபோர்டுகாரர்கள் எல்லோருக்கும் வணக்கம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து, மேடையில் ஒரு நாற்காலி கிடைக்காமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியம்மாள் அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்தக் கூட்டம் யாருக்காக நடக்கிறதோ, அந்த ஜான்சியைப் பெற்றவர் அவர்தான். தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சத்யப்பிரியா. தலைவருக்கு அது நினைவில் வரவில்லை. "அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றுதான் என்னை அழைத்தார். இளவரசு அண்ணனின் ஸ்டூடியோவில் கணினி முன் உட்காருகிறவள் நான். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் ஆகும்.

ட்ராக் பாடகி ஜான்சி! இந்த மேடையில் ஒவ்வொருவரும் அவரை 'இசைக்குயில்' என்றீர்கள். மஞ்சள் காமாலை வந்து அவர் படுக்கும்வரை உங்களில் ஒருவராவது அப்படிக் கூப்பிட்டதுண்டா? "ட்ராக் வந்தாச்சா?" என்றுதான் கேட்பீர்கள். வெளியாட்களுக்குச் சொல்கிறேன். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் போக வேண்டும் என்று வழிகாட்ட ஒருவர் முழுப்பாட்டையும் பாடி வைப்பார். பெரிய பாடகர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே அதன் மேல் தன் குரலைப் பாடுவார். பிறகு முதலில் பாடியவரின் குரலை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிடுகிற அந்தக் குரலுக்குப் பெயர்தான் ட்ராக். பாடியவருக்கும் அதே பெயர்தான்.

ஜான்சி அக்கா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை செய்தார். ஷிப்டு முடிந்ததும் சீருடையோடு பஸ் ஏறிச் சிதம்பரம் வருவார். மைக் அறைக்குள் நுழையும் முன்னால் வளையலையும் கொலுசையும் கழற்றி என் மேசையில் வைப்பார். "பாத்துக்க சத்யா, போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போயிடாத" என்பார். திருவிழாப் பாட்டில் ஊரே சேர்ந்து பாடுவதுபோல் வேண்டும் என்று இளவரசு அண்ணன் கேட்பார். ஊரை எங்கே போய்க் கூட்டி வருவது? அக்கா ஒருவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, வாயைப் பாதி பொத்திக்கொண்டு ஒரு தடவை, கிழவிபோல் ஒரு தடவை என்று பாடித் தள்ளுவார். வெளியே வந்து கீபோர்டு வாசிக்கும் கதிர்வேல் அண்ணனிடம், "ஒரு ஊரே பாடிட்டு வந்துருக்குது, ஒருத்திக்கும் டீ சொல்லலியா மாமா?" என்பார்.

அவருக்கு ழகரத்தில் பிடிவாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். பாட்டில் யார் ள சொன்னாலும் விடமாட்டார். ஒருநாள் கதிர்வேல் அண்ணன் அலுத்துக்கொண்டார்.

"ட்ராக் தான ஜான்சி? எந்த ள போட்டா என்னா? எப்டியும் அளிக்கப் போறது."

"அழிக்கிறதா இருந்தா அழிக்கிறதுன்னு சொல்லுங்க மாமா. அளிக்கிறதுன்னா குடுக்கிறது. நீங்க எங்க எதக் குடுத்தீங்க?"

கதிர்வேல் அண்ணன் அன்று சிரித்தார். இப்போதும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், அல்லது அழுகிறார். இங்கிருந்து தெரியவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஆரோக்கியம்மாள் அம்மா ஸ்டூடியோவின் மாடிப்படி ஏறி வந்தார். மகளின் போன் அவர் கையில் இருந்தது. அதைத் திறக்கும் எண் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, எம்பொண்ணு கொரலு எதுனா இருந்தா குடுப்பா. போட்டோ இருக்குது. கொரலு தான் இல்ல."

"அது பாடினது எல்லாம் ட்ராக்கும்மா. மேல ஆளு பாடினதும் அளிச்சிடுவோம். ஒண்ணும் கெடையாது."

"ஒரு வரி கூடவா இல்ல?"

"இருந்தா குடுக்க மாட்டனாம்மா?"

இருந்தால் கொடுக்க மாட்டேனா! இளவரசு அண்ணன் இதை என் முன்னால்தான் சொன்னார். நானும் நம்பினேன். அந்த அம்மா மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அதையும் பார்த்தேன்.

இன்றைக்கு என்ன நடந்தது? காயத்ரி அக்கா பாடியதாக ஊரெல்லாம் ஓடுகிறதே, கல்யாண மண்டபம் தவறாமல் ஒலிக்கிறதே, அந்த மழைப் பாட்டையே இங்கும் போடச் சொன்னார் இளவரசு அண்ணன். "ஆனா எழவுக் கூட்டத்துல குத்துத் தாளம் வேணாம். ட்ரம்ஸ மூடிட்டுப் போடு" என்றார். முடிந்து வெளியான பாட்டில் தாளத்தை மட்டும் பிரிக்க முடியாது. அதனால், அவர் தன் கையாலேயே கலவை செய்து வைத்த மூலக் கோப்பை, ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த இந்தக் கணினியில் திறந்தேன். தாளத்தை மூடினேன். இத்தனை நாளும் தாளத்துக்கு அடியில் படுத்திருந்த எதிரொலி எழுந்து உட்கார்ந்தது.

அது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். கணினியில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பட்டை உண்டு. ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குக் கோடு இழுத்துக் குரலைத் திருப்பிவிடலாம். எத்தனை பட்டைக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். வாய்க்காலில் ஒரு வயலுக்குத் திருப்பினால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் குறையும். இங்கே குறையாது. ஒரே குரல் பத்து இடத்துக்கும் முழுசாகப் போகும். வெவ்வேறு நாளில் வந்து பாடியவர்களின் குரல்களை ஒரே எதிரொலிக்குத் திருப்பிவிட்டால், எல்லோரும் ஒரே அறையில் நின்று பாடியதுபோல் இருக்கும். அருமையான வசதி அது! ஒவ்வொரு பட்டையிலும் 'மெயின்' என்று ஒரு பொத்தானும் உண்டு. அதை அணைத்தால் அந்தக் குரல் நேராக வெளியே வராது. ஆனால் இழுத்து வைத்த கோடுகள் வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். திரையைப் பார்ப்பவருக்கு அந்தப் பட்டை தூங்குவதுபோல் தெரியும்.

அப்படித் தூங்குகிற ஒரு பட்டை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதிலிருந்து இரண்டு கோடுகள் போயின. ஒன்று காயத்ரி அக்காவின் பட்டைக்கு. இன்னொன்று எதிரொலிக்கு. முதல் கோடு வேண்டுமென்றே இழுத்தது. இரண்டாவது, ட்ராக் பாடிய அன்று இழுத்து, எடுக்க மறந்தது. காயத்ரி அக்கா பாடியதை மட்டும் மூடிவிட்டு ஹெட்போனில் கேட்டேன். கீழ் வரிகளில் அடியில் ஜான்சி அக்கா இருந்தார். மேலே ஏறும் இடத்தில், எல்லா மண்டபத்திலும் கைதட்டல் வாங்கும் அந்த இடத்தில், காயத்ரி அக்கா பாடியதை வெட்டி எடுத்திருந்தார்கள்; இருந்தது ஜான்சி அக்கா மட்டும்தான்.

நேராக இளவரசு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, மேல போற எடம் ஜான்சி அக்கா தான?"

"மெள்ளப் பேசு. எல்லா ஸ்டூடியோலயும் நடக்கறது தான்."

"அவுங்க அம்மாகிட்ட ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே."

"குடுத்தா நாளைக்கு ஊரு பூரா கேக்கும். தலைவர் பொண்ணு மானம் என்னாவறது? ஒம்பதாவதோட நின்னவ, எனக்கு ஞாயம் சொல்ல வந்துட்டியா? ஜாஸ்தி பேசாம போயி ஒக்காரு."

ஒன்பதாவதோடு நின்றவள்தான். ழவும் ளவும் வேறு வேறு என்பதை அதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அண்ணே.

காயத்ரி அக்கா, உங்களைக் கேட்கிறேன். அந்த மேல் வரி வராமல், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நீங்கள் ஸ்டூடியோவிலிருந்து போனீர்கள். "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டேம்மா" என்று பிறகு அண்ணன் உங்களுக்குப் போன் செய்தார். உங்கள் தொண்டையில் ஏறாத வரியை உங்கள் பெயரில் கேட்டபோது, இது யாருடைய மூச்சு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? நீங்கள் இப்போது உங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதுபோல் இருக்கிறது. தெரியாமல் வாங்கிய கைதட்டல்தான். இனித் தெரிந்து வாங்க முடியாது.

தலைவர் ஐயா, "ஜான்சியின் குரல் நம்மை விட்டுப் போய்விட்டது" என்று பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எங்கே போய்விட்டது ஐயா? உங்கள் வீட்டில்தான் இருக்கிறது! உங்கள் மகளின் பெயருக்கு அடியில், மெயின் அணைக்கப்பட்டு, உங்கள் வீட்டில்தான் இருக்கிறது!

ஐயா, நீங்கள் இப்போது குனிந்து பிடுங்கியது மின்விசிறியின் வயர். மைக் வயர் இந்தப் பக்கம், என் காலுக்கு அடியில். எல்லோருக்கும் வியர்க்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இளவரசு அண்ணே, நீங்கள் அங்கேயே நில்லுங்கள். கதிர்வேல் அண்ணன் எழுந்து வழியில் நிற்கிறார், பாருங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், ஜான்சி விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுத்தீர்கள். எந்தப் பணியை? இன்னொருவர் பெயருக்கு அடியில் கிடப்பதையா? அதைத் தொடர ஆள் எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் அந்த உறுதியில் சேரவில்லை. என் உறுதி வேறு. நான் உட்காருகிற எந்தக் கணினியிலும், பாடியவருடைய குரல் பெயரில்லாமல் வெளியே போகாது. பெற்றவர் வந்து கேட்டால், இருப்பதை இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்த ஸ்டூடியோவில் எனக்கு நாற்காலி இருக்காது. இந்தச் சங்கத்துக்குப் பயந்து வேறெங்கும்கூட இல்லாமல் போகலாம். அது நாளைக்கு.

அந்தப் பட்டைக்கு இளவரசு அண்ணன் எழுதி வைத்திருக்கும் பெயரை இன்னும் சொல்லவில்லை. எல்லா ட்ராக்குக்கும் எழுதுவதுபோல், பிறகு அழித்துவிட வேண்டும் என்று எழுத நினைத்திருக்கிறார். ஆனால் பேசுகிற மாதிரியேதானே எழுதுவார்? திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "ஜான்சி – அளிக்கவும்."

முதலாளி எழுதி வைத்ததைச் செய்வதுதான் என் வேலை.

ஆரோக்கியம்மாள் அம்மா, நீங்கள் எழுந்து வர வேண்டாம். அங்கேயே உட்காருங்கள், அங்கே நன்றாகக் கேட்கும். காயத்ரி அக்காவின் பட்டையை மூடுகிறேன். உங்கள் மகளின் பட்டையில் மெயினை அழுத்துகிறேன்.