ஏழாவது வளைவிலிருந்து வந்த புள்ளி

மாலை ஆறு ஐம்பது. நான்கு கிலோமீட்டர் மலைச்சாலை. வழியில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. சாலையின் இந்த முனையில் ரேடார் அறை. அந்த முனையில் ஜாமர் லாரி. நடுவில் பதினோரு வளைவு...

இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. அவர் ராணுவத்தில் பயிற்சி ஆசிரியர். எதிரி நம் ரேடாரைக் குருடாக்கினால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். யாராவது பேய், பிசாசு என்று வாயைத் திறந்தால், "முதல்ல ஒயரைப் பாருடா" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சின்ன விஷயம் பிடிபடவில்லை. திரையில் ஒரு புள்ளி. ஜாமரைப் போட்டால் வந்தது. நிறுத்தினால் போனது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். ரேடார் என்பது இருட்டில் 'ஓய்' என்று கத்துகிற மாதிரி. எதிரே ஏதாவது இருந்தால் சத்தம் மோதித் திரும்பும். அந்த எதிரொலிதான் புள்ளி. ஜாமர் என்ன செய்யும்? நடுவில் நின்று தகரத்தைத் தட்டும். எதிரொலி அமுங்கிப்போகும், லாரி நிற்கிற திசை முழுக்கத் திரையில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அதாவது இந்த ஜாமர் இருப்பதை மறைக்கும். இல்லாததைக் காட்டாது. பொய்ப் புள்ளி போடும் ஜாமர்கள் உண்டுதான். இந்த லாரியில் அந்த வசதி இல்லை.

மச்சான் ஒயரைப் பார்த்தார். பெட்டியைக் கழற்றி மாட்டினார். ரேடாரின் அலைவரிசையை மாற்றிப் பார்த்தார். புள்ளி அசரவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவே, சாலை போகிற போக்கிலேயே வளைந்து வளைந்து வந்தது. வேகம்... நடக்கிற வேகம்கூட இல்லை. விமானம் பார்க்கிற ரேடார் அவ்வளவு மெதுவாக நகர்வதைத் தானே கழித்துத் தள்ளிவிடும். இதைத் தள்ளவில்லை. ஒரு மாலையில் அரை கிலோமீட்டர். மறுநாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு மாணவி. கண் அவ்வளவு கூர்மை என்பதால் வகுப்பில் அவளுக்குக் 'கழுகு' என்று பேர். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

"சார், இது ஏழாவது வளைவுலேர்ந்து வருது. அங்கே என்ன சார் இருக்கு?"

"பாறை இருக்கு. வேலையைப் பாரும்மா."

வாய்தான் சொன்னது. கண் திரையில் அந்த வளைவை விட்டு நகரவில்லை.

போன வருஷம் அந்த வளைவில்தான் கேபிள்காரர் விழுந்து கால் ஒடிந்து கிடந்தார். ரேடார் அறையிலிருந்தே ஜாமரை இயக்குவதற்காக லாரிக்குப் போகும் கேபிளைச் சரிபார்க்கத் தனியாகப் போன பெரியவர். கையில் வாக்கிடாக்கி இருந்தது. பயிற்சி நடக்கும்போது ஜாமர் அதையும்தான் அடைக்கும். ஆனால் அவசரத்துக்கென்று ஒரே ஒரு அலைவரிசையைத் திறந்துவிட வேண்டும், அது விதி. அன்றைக்கு மாணவர்களைக் கொஞ்சம் திணறடிக்கலாமே என்று மச்சான் குமிழை இன்னொரு கட்டம் திருப்பிவிட்டார். அவசர வழியும் அடைபட்டது.

கர்ர்ர் என்ற இரைச்சலுக்குள் என்னவோ கேட்டது. ஒரு மாணவன் காதைத் தீட்டிக்கொண்டான். இரைச்சலுக்குள் குரல் கேட்கிற மாதிரிதான் இருக்கும், நம்பக் கூடாது என்று மச்சான் பாடம் நடத்தினார்.

விடிந்த பிறகுதான் உடலைக் கண்டெடுத்தார்கள். இருநூறு மீட்டர் தவழ்ந்து வந்திருந்தார்.

குமிழைப் பற்றி மச்சான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டியிடம்கூட.

ஐந்தாம் நாள். புள்ளி அறையிலிருந்து முந்நூறு மீட்டரில். அறைக்குள் ஆறு மாணவர்கள். மச்சான் ஜாமரை நிறுத்தச் சொன்னார். வெள்ளை மறைந்தது. திரை கறுத்தது...

"சார்," என்றாள் கழுகு மெதுவாக. "புள்ளி போகலை."

மேசை மேல் கிடந்த வாக்கிடாக்கியில் ஒரு சத்தம். சரளைக்கல் உரசும் சத்தம். ஸ்ரக்... நின்றது. ஸ்ரக்... அறை முழுக்க ரப்பர் தீய்ந்த வாடை, கேபிள் கருகினால் வருமே, அது.

மச்சான் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "போன வருஷம் அவசர லைனை அடைச்சது நான்தான்."

அவர் வாக்கிடாக்கியை எடுத்தார்.

"கேக்குதுண்ணே. சொல்லுங்க."

உரசல் நின்றது. மூச்சிரைப்பு. அப்புறம், "வண்டி அனுப்புங்க தம்பி."

"கிளம்பிடுச்சுண்ணே."

புள்ளி மறுபடி நகர்ந்தது. ஸ்ரக்...

"வண்டி இன்னும் இங்கேதான் நிக்குது சார்," என்றாள் கழுகு.

மச்சான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். தனியாக. முந்நூறு மீட்டரில் ஜீப்பை நிறுத்தினார். சாலையில் யாரும் இல்லை. எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜீப் இடது பக்கமாக மெல்லச் சாய்ந்தது... ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்குமே, அப்படி. திரும்பிப் பார்க்காமல் ஓட்டி வந்தார். இரண்டு புள்ளி ஒன்றாகி வந்ததைத் திரையில் ஆறு பேரும் பார்த்தார்கள்.

மறுநாள் மச்சான் குமிழைத் திருப்பியதை எழுதிக்கொடுத்தார். விசாரணை நடந்தது. பதவி போனது. புள்ளி மட்டும் போகவில்லை. அடுத்த பயிற்சியில், ஏழாவது வளைவில் மறுபடி ஆரம்பித்தது.

இப்போது அங்கே கழுகுதான் ஆசிரியை. புதிதாக வருகிறவர்களுக்கு ரேடார் பாடத்துக்கு முன்னால் அவள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு ஐம்பதுக்கு ஜாமரைப் போடுவதற்கு முன், அவசர அலைவரிசையில் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குரல் வந்தால், வண்டி அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, அனுப்ப வேண்டும். டிரைவர் தனியாகத்தான் போக வேண்டும். பக்கத்து சீட்டில் எதையும் வைக்கக் கூடாது.